கடல் பொதுவெனில் பங்கு யாருக்கு? உரோமர் ஆட்சியும் பழவேற்காட்டுப் பாடும்

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் ஆட்சிமுறையை அறிய வேண்டின், அது பொதுப்பொருளை எவ்வாறு பங்கிட்டது என்று பார்த்தல் வேண்டும். அரண்மனையும் படையும் கண்ணுக்கு எளிதில் புலப்படுவன. ஆனால் நிலம், நீர், மீன், பதவி ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு, யார் முன், யார் பின் என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் தரும் விடையே அதன் உண்மையான அரசியல் எனலாம். இவ்வளவுகோலைக் கொண்டு பண்டை உரோமரின் ஆட்சி, சமுதாயம், போர் ஆகிய மூன்றையும் சுருங்க நோக்கி, அதே அளவுகோலால் தமிழகத்தின் வடகோடியிலுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகப் பேரரசு ஒன்றையும் சில குப்பங்களையும் ஒருங்கு வைத்தல் பொருந்துமா என ஐயுறலாம். இரண்டு காரணங்களால் பொருந்தும். ஒன்று, இரு சமுதாயங்களும் பங்கீட்டில் சச்சரவு எழாதிருக்கத் திருவுளச்சீட்டை நாடின. மற்றொன்று, கடலும் கடற்கரையும் எல்லார்க்கும் பொது என்று எழுதி வைத்த உரோமச் சட்டம் பழவேற்காட்டின் வரலாற்றை இருமுறை வந்து தொட்டிருக்கின்றது. முதன்முறை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மறுமுறை 1996ஆம் ஆண்டில்.

உரோமர் தமிழர்க்குப் புதியவரும் அல்லர். யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றமையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகின்றது. இந்திய வாணிகத்தால் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகின்றதென உரோம அறிஞர் பிளினி வருந்தினார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்கள் கிடைத்தன. பொன்னும் மட்கலமும் வந்த வழியில் பின்னாளில் ஒரு சட்டக் கருத்தும் வந்தது. அதுவே நாம் காணவிருப்பது.

உரோமரின் ஆட்சி

உரோமர் தம் மன்னரைக் கி.மு. 509இல் துரத்தினர் என்பது அவர்தம் மரபு. அதன்பின் ஆண்டுக்கு இருவர் கான்சல் என்னும் பெயரில் தலைமைப் பதவி ஏற்றனர். ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்தால் இருவரும் இறங்க வேண்டும். அதிகாரம் ஒருவர் கையில் ஓராண்டுக்கு மேல் தங்கலாகாது என்பதே இதன் உட்பொருள். செனட் என்னும் மூப்பர் அவை அறிவுரை கூறும் அவையாகத் தொடங்கி, கருவூலத்தையும் அயலுறவையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. எளிய மக்களின் காவலராக டிரிபியூன் என்னும் அலுவலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்கள் 'தடுக்கிறேன்' என்று ஒரு சொல் கூறினால் கான்சலின் செயலும் நின்றுவிடும்.

உரோமரின் ஆட்சியில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது திருவுளச்சீட்டாகும். கடல் கடந்த நாடுகள் வயப்பட்டபின், எந்த அலுவலர் எந்த மாநிலத்தை ஆள்வது என்னும் சிக்கல் எழுந்தது. ஒரு மாநிலம் செல்வம் கொழிப்பது; மற்றொன்று போர் மிகுந்தது; வேறொன்று இரண்டும் அற்றது. எனவே மரத்தாலான சிறு உருண்டைகளைக் குறுகிய வாயுடைய நீர்க்குடத்தில் இட்டு, மேலே வரும் உருண்டையைக் கொண்டு மாநிலத்தை முடிவு செய்தனர். தேர்தலில் எந்தப் பிரிவு முதலில் வாக்களிப்பது என்பதும் சீட்டாலேயே முடிவாயிற்று. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் மேலும் ஒரு காப்பினைச் சேர்த்தார். கான்சல்களுக்குரிய மாநிலங்கள் எவை என்பதைத் தேர்தலுக்கு முன்னரே செனட் அறிவித்துவிட வேண்டும் என்பது அவர் கொணர்ந்த சட்டம். ஆள் இன்னார் என அறிந்தபின் அவருக்கேற்பப் பங்கை வெட்டும் சூழ்ச்சிக்கு அது தடையாயிற்று.

எனினும் சீட்டு பேராசையைத் தடுக்கவில்லை. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலி மாநிலத்தை ஆண்ட வெர்ரஸ் அம்மக்களின் தானியத்தையும் கோயில் சிற்பங்களையும் சூறையாடினார். அடுத்த ஆண்டில் சிசரோ அவர்மீது வழக்காடினார். வெர்ரஸ் தீர்ப்புக்கு முன்னரே ஊரைவிட்டு அகன்றார். பங்கிடும் முறை நேர்மையாக இருப்பினும், பங்கு பெற்றவரைக் கண்காணிக்கும் முறையும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

உரோமரின் சமுதாயம்

சீட்டு எல்லார் பெயரையும் உள்ளடக்கியதா என்பதே அடுத்த வினா. இல்லை என்பதே விடை. தொடக்கத்தில் உயர்குடியினரான பெட்ரீசியரே கான்சல் ஆகலாம். பிளீபியர் எனப்பட்ட பொதுமக்கள் நெடுங்காலம் போராடி, கி.மு. 367இல் அவ்வுரிமை பெற்றனர். அவர்தம் பேரவை இயற்றும் சட்டம் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பது கி.மு. 287இல் உறுதியாயிற்று. பெண்டிர்க்கு வாக்குரிமை என்றும் இருந்ததில்லை. அடிமைகள் மாந்தராகவே எண்ணப்படாமல் உடைமைப் பொருளாக எண்ணப்பட்டனர். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் கி.மு. 73இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சியை ஒடுக்கி, ஆறாயிரம் பேரை ஆப்பியன் நெடுஞ்சாலையோரம் சிலுவையில் அறைந்தனர்.

பொதுநிலத்தின் கதையும் இங்கு அறியத்தக்கது. போரில் வென்ற நிலம் உரோம மக்களின் பொதுச்சொத்து என்பது சட்டம். நடைமுறையிலோ செல்வர் அதனை வளைத்து அடிமைகளைக் கொண்டு உழுதனர். போருக்குச் சென்ற சிறு உழவன் திரும்பி வந்தபோது அவனுக்கு நிலம் இல்லை. கி.மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ், பொதுநிலத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு எல்லை விதித்து, எஞ்சியதை வறியவர்க்குப் பங்கிட முயன்றார். செனட்டைச் சேர்ந்தோர் திரண்டு வந்து அவரை அடித்துக் கொன்றனர். பொதுப்பொருள் என்று எழுதி வைத்தால் மட்டும் அது பொதுவாக இருந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உரோமரின் போர்

தொடக்கத்தில் உரோமப் படைவீரன் என்பவன் சொத்துடைய குடிமகன். தன் படைக்கலனைத் தானே வாங்குபவன். நாட்டைக் காப்பது தன் நிலத்தைக் காப்பதாகவும் இருந்தது. நிலமுடையோர் குறைந்தபோது, கி.மு. 107இல் மேரியஸ் சொத்தில்லாதாரையும் படையில் சேர்த்தார். அவர்களுக்கு நிலம் வழங்க வேண்டியவர் தளபதியே ஆனமையால், படையின் பற்று நாட்டிலிருந்து தளபதிக்கு மாறிற்று. கி.மு. 49இல் சீசர் ரூபிக்கான் ஆற்றைக் கடந்து சொந்த நாட்டின்மீதே படை செலுத்தினார். கி.மு. 27இல் அகஸ்டஸ் பேரரசராக அமர்ந்தபோது குடியரசு பெயரளவில் எஞ்சியது.

போரிலும் சீட்டு இருந்தது. ஆனால் கொடிய வடிவில் இருந்தது. போர்க்களத்தில் புறங்காட்டிய படைப்பிரிவில் பத்துக்கு ஒருவரைச் சீட்டால் தேர்ந்து, எஞ்சிய ஒன்பதின்மரே அவரை அடித்துக் கொல்லும் தண்டனை அது. ஸ்பார்ட்டகஸ் போரின்போது கிராசஸ் இத்தண்டனையை மீண்டும் கொணர்ந்தார். ஆகவே சீட்டு தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே அதன் தன்மையை முடிவு செய்கின்றது.

உரோமர் முதலில் நிலப்போரிலேயே வல்லவர். கார்த்தேஜ் நகரத்தாரோடு கி.மு. 264இல் மூண்ட போரினால் கப்பற்படை அமைத்தனர். பகைவர் கப்பலில் கூர்முனை பதியுமாறு வீழும் பாலப்பலகையைக் கொண்டு கடற்போரை நிலப்போர் போல் ஆக்கி, கி.மு. 260இல் மைலே என்னுமிடத்தில் வென்றனர். கி.மு. 67இல் பாம்பே கடற்கொள்ளையரை ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஒடுக்கினார். நடுநிலக் கடல் முழுதும் உரோமரின் கடலாயிற்று. வியப்பு யாதெனில், கடலை இங்ஙனம் வாளால் வென்ற அதே உரோமரே, கடல் எவருக்கும் தனியுடைமை ஆகாது என்று சட்டத்தில் எழுதினர்.

கடல் பொது என்ற சட்டம்

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், அதன்வழிக் கடற்கரை ஆகிய நான்கும் இயற்கைச் சட்டப்படி எல்லார்க்கும் பொது என்று வகுக்கின்றது. யாரும் கரையில் குடிசை கட்டித் தங்கலாம், வலையை உலர்த்தலாம், கடலினின்று வலையை இழுக்கலாம் என்றும் அந்நூல் விளக்குகின்றது. நான்கு நூற்றாண்டு முன்னதான மற்றொரு செய்தியும் உண்டு. கி.பி. 138 முதல் 161 வரை ஆண்ட பேரரசர் அன்டோனினஸ் பயஸ், இத்தாலியின் போர்மியே முதலிய ஊர்களின் மீனவர்க்கு எழுதிய விடையில், மீன்பிடிக்கக் கடற்கரைக்குச் செல்வதை எவரும் தடுக்கலாகாது என்று கூறினார். கரையோர மாளிகைகளுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் ஊறு நேராமல் விலகி நிற்றல் வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த வரம்பு. செல்வரின் கடற்கரை மாளிகைக்கும் வலைஞரின் வலைக்கும் இடையிலான வழக்கு அத்துணைப் பழமையானது.

நம் நாட்டுக் குடவோலை

உரோமிலிருந்து பழவேற்காட்டுக்கு வருமுன், இடையே நம் தொண்டை நாட்டில் உள்ள உத்தரமேரூரையும் காண்டல் வேண்டும். சீட்டால் பொறுப்பைப் பங்கிடும் வழக்கம் அயல்நாட்டுக்கே உரியதன்று என்பதை அவ்வூர்க் கல்வெட்டுகள் காட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என அமர்த்தினர். முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. உரோமில் வெர்ரஸ் புகுந்த ஓட்டையை இவ்வூரார் அடைத்திருந்தனர் எனலாம். ஆயினும் இங்கும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் தகுதிகளாகக் கூறப்பட்டன. பெண்டிரும், நிலமற்றோரும், ஊரில் உழைத்த பிற சாதியினரும் குடத்துக்கு வெளியே நின்றனர்.

பழவேற்காடும் அதன் ஏரியும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள தொன்மையான துறைமுக ஊராகும். ஒடிசாவின் சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதனை ஒட்டி வடக்கே நீள்கின்றது. ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுள்ள அவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தென்பகுதி தமிழகத்தைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியை வங்கக் கடலினின்று பிரிக்கின்றது. ஆரணி ஆறு தெற்கிலும், காளங்கி ஆறு வடமேற்கிலும் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனூடே செல்கின்றது.

ஏரியின் உயிர்நாடி அதன் முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் வலை கட்டுவோர்க்கு மிகுதியாகக் கிட்டும். ஏரியின் உட்பகுதியில் வலை கட்டுவோர்க்குக் குறைவாகக் கிட்டும். மணல் அடைத்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் எல்லார்க்கும் குறையும். நீர் பொதுவாயினும் நீரின் வளம் எல்லா இடத்தும் ஒன்றன்று. உரோமர்க்கு மாநிலங்களால் எழுந்த சிக்கல் இவ்வூர் மீனவர்க்கு நீரோட்டத்தால் எழுந்தது.

பாடு முறை

இச்சிக்கலுக்கு இவ்வூரார் கண்ட தீர்வே 'பாடு' எனப்படும். பாடு என்னும் சொல் உழைப்பையும் குறிக்கும். மீன்பாடு என்பதுபோல் வலையில் கிட்டியதையும் குறிக்கும். இங்கு அது வலை கட்டும் இடத்தையும், அவ்விடத்தில் ஒருவர்க்குரிய முறையையும் சேர்த்தே குறிக்கின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றும் இம்முறைக்கு வழிவழி உரிமை பூண்ட ஊர்கள். கழிகளை நட்டுக் கட்டும் சுற்றுவலையால் இறால் பிடிக்கும் தொழிலுக்கே இது சிறப்பாக உரியது.

வலை கட்டும் இடங்கள் எவை என வரையறுக்கப்பட்டுள்ளன. ஊருக்கு ஊர் முறை மாறிவரும். ஊருக்குள்ளே சீட்டினாலும் சுழற்சியினாலும் இடம் மாறிவரும். இன்று வளமான இடம் பெற்றவர் நாளை வளங்குறைந்த இடத்துக்குச் செல்வார். எவரும் ஓரிடத்தை நிலையாகத் தமதாக்கிக் கொள்ள இயலாது. உரிமையின் அலகு தலைக்கட்டு ஆகும். பட்டினவர் குலத்தைச் சேர்ந்த, ஊரில் மணமாகிக் குடும்பம் நடத்தும் ஆடவன் ஒரு தலைக்கட்டாக எண்ணப்படுவான். முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்தார் விசாரித்துத் தண்டம் விதிப்பர்.

இம்முறையில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, ஒரே இடத்தில் பலர் வலை கட்டிச் சண்டையிடுவது தவிர்க்கப்படுகின்றது. இரண்டாவது, நாள்தோறும் எல்லாரும் நல்ல இடத்தில் வலை கட்டாமையால் இறால் வளத்தின்மீது விழும் சுமை குறைகின்றது. மூன்றாவது, வலியவன் எளியவனை அமுக்கும் வாய்ப்பு அடைபடுகின்றது. இலங்கையின் நீர்கொழும்புக் கடல்நீரேரியிலும் வலை கட்டும் இடங்களைச் சீட்டால் பங்கிடும் இதையொத்த வழக்கம் உண்டு. காவலரும் நீதிமன்றமும் இன்றி, ஊரார் இசைவு ஒன்றாலேயே ஓர் ஆட்சி நடைபெறக்கூடும் என்பதற்குப் பாடு முறை நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாட்டுக்கு வெளியே நிற்போர்

ஆயினும் நடுவுநிலையோடு நோக்குவோர் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். குடத்தில் பெயர் உள்ளோர்க்கே சீட்டு நீதி வழங்குகின்றது. பட்டினவர் அல்லாத மீன்பிடிப்போர்க்கும், ஏரிக்கரையின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வளமான பாட்டிடங்களில் உரிமை இல்லை. அவர்கள் சிறு வலைகளாலும் பிற கருவிகளாலும் எஞ்சிய நீரில் பிழைக்கின்றனர். இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். மீனைச் சுமந்து சென்று விற்று வீட்டைக் காக்கும் மகளிர்க்கும் தலைக்கட்டில் இடமில்லை.

ஒரு காலத்தில் மீன் மிகுதி, பிடிப்போர் குறைவு. அதனால் இவ்வேலி பெரிதாகத் தெரியவில்லை. பின்னர் இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை உயர்ந்தது. ஏரியை நம்பும் குடும்பங்கள் பெருகின. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அத்தீவில் வாழ்ந்தோர் இடம்பெயர நேர்ந்தது. உரிமை வேண்டிய புதிய ஊர்களுக்கும் பழைய பாட்டு ஊர்களுக்கும் பூசல்கள் எழுந்தன. உரோமில் பிளீபியர் கேட்டதும் இதே கேள்விதான்: பங்கிடும் முறை நன்று, பங்காளிகளின் பட்டியலை எழுதியவர் யார்?

கோட்டை எழுந்த ஆண்டு

இனிப் போரின் பக்கம் திரும்புவோம். ஐரோப்பியர் வருமுன்னரே பழவேற்காடு செல்வம் கொழித்த துறை. அரபு நாட்டிலிருந்து கலமேறி வந்து குடியமர்ந்தோர் வழியினர் தாங்கள் என்பது அவ்வூர் முஸ்லிம்களின் வழிவழிச் செய்தி. இவ்வூரின் வண்ணத் துணிகள் மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளில் பெருமதிப்புப் பெற்றன. அங்கு மிளகும் சாதிக்காயும் கிராம்பும் வாங்கத் துணியே நாணயம்போல் பயன்பட்டது. இவ்வாணிகத்தின்மீது கண்வைத்துப் போர்ச்சுக்கீசியரும், அவர்பின் டச்சுக்காரரும் வந்தனர்.

1603இல் சிங்கப்பூர்க் கடலில் போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்றை டச்சுக்காரர் கைப்பற்றினர். அச்செயலை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹியூகோ குரோட்டியஸ் என்னும் இளம் வழக்கறிஞரை அமர்த்தியது. அவர் எழுதியதன் ஒரு பகுதி, கடலின் சுதந்திரம் என்னும் பொருள்தரும் தலைப்பில் 1609இல் வெளிவந்தது. உரோமச் சட்டத்தை மேற்கோளாகக் காட்டி, கடல் எல்லார்க்கும் பொது. போர்ச்சுக்கீசியர் அதனைத் தமதெனல் தகாது என்று அவர் வாதிட்டார்.

அடுத்த ஆண்டே, 1610இல், விசயநகர மன்னர் வெங்கடபதியுடன் செய்த உடன்படிக்கையால் டச்சுக்காரர் பழவேற்காட்டில் இடம் பெற்றனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அவர்தம் பண்டகசாலையை அழித்தனர். 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. அங்கிருந்த டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது. அதே 1613இல் இலண்டனில் நடந்த பேச்சில், ஆங்கிலேயர் குரோட்டியசின் நூலையே எடுத்துக் காட்டி, கடல் பொதுவெனில் எங்களை ஏன் தடுக்கிறீர் என்று கேட்டனர். டச்சுத் தரப்பில் பேசிய குரோட்டியசோ, உடன்படிக்கையால் பெற்ற தனியுரிமை செல்லும் என்று வாதிட வேண்டியவரானார்.

உரோமர் எழுதிய சொல் இங்ஙனம் முதன்முறை பழவேற்காட்டுக் கரைக்கு வந்தபோது, பீரங்கியின் நிழலிலேயே வந்தது. கோட்டையில் வெடிமருந்து ஆக்கப்பட்டு ஆசியாவின் பிற டச்சுத் தளங்களுக்கு அனுப்பப்பட்டது. நாட்டுக் கலங்கள் அவர்தம் அனுமதிச் சீட்டின்றிச் செல்லுதல் அரிதாயிற்று. பஞ்சத்தால் வாடிய ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு பட்டாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். கடல் பொது என்று முழங்கியவரின் கப்பலில் மாந்தரே சரக்காயினர்.

1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். இருமுறை திருப்பித் தரப்பட்டபின், 1825இல் அது இறுதியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இடிந்து மண்மேடாயிற்று. கோட்டைக்குப்பம் என்னும் ஊர்ப்பெயரும், தொல்லியல் துறையின் காவலில் உள்ள டச்சுக் கல்லறைகளும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. பேரரசுகள் மாறி மாறிச் சென்றபின், வலை கட்டும் முறை குறித்து மீனவர் கூடிப் பேசும் ஊர்ப் பஞ்சாயத்தே எஞ்சியது.

சட்டம் மீண்டும் வந்த வழி

1990களில் கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாயின. ஏரியிலும் கழிமுகங்களிலும் கழிவு கலந்தது. காந்தியவாதியும் கிராம சுயராச்சிய இயக்கத் தலைவருமான எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11இல் வழங்கிய தீர்ப்பில், சிலிகா, பழவேற்காடு ஆகிய ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைத்தல் கூடாது என நீதிமன்றம் ஆணையிட்டது.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13இல், இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரை குறித்த வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்கியது. காற்று, கடல், நீர், காடு போன்றவை மக்கள் அனைவர்க்கும் உரியன. அரசு அவற்றின் உரிமையாளர் அன்று, பொறுப்பாளரே என்னும் பொது நம்பிக்கைக் கொள்கை அதில் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. அக்கொள்கையின் வேர் பண்டை உரோமச் சட்டத்தில் உள்ளதென்றும் தீர்ப்பு எடுத்துரைத்தது. இரண்டு தீர்ப்புகளும் நீதிபதி குல்தீப் சிங் அமர்ந்த அமர்வினவே. ஜஸ்டினியன் காலத்துச் சொல் ஏறத்தாழ 1,460 ஆண்டுகளுக்குப் பின், இம்முறை பீரங்கியின்றி வந்து சேர்ந்தது.

எனினும் தீர்ப்போடு செய்தி முடிந்துவிடவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழுயிர் வளர்ப்புக்கெனத் தனி ஆணையச் சட்டம் இயற்றி, இறால் பண்ணைகளைப் பதிவின்கீழ் இயங்கவிட்டது. ஏரிக்குத் தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் எழுந்தது. அதனைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்தன. கரை அரிக்கப்பட்டால், முகத்துவாரம் சிதைந்தால், பாட்டிடமே இல்லாது போகும். பிறகு சீட்டெடுத்து என்ன பயன் என்பது அவர்தம் அச்சம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். பொதுப்பொருளைப் பங்கிட மனிதன் கண்ட வழிகளுள் சீட்டும் சுழற்சியும் சிறந்தவை. உரோம், உத்தரமேரூர், பழவேற்காடு மூன்றும் அதற்குச் சான்று. ஆனால் மூன்று இடத்திலும் குடத்துக்குள் பெயர் இல்லாதவர் உண்டு. அவர்க்கு அச்சீட்டு நீதியாகாது. மேலும், பொது என்னும் சொல் வலியவர் வாயில் வழக்குரைக்கும் கருவியாகவும், எளியவர் வாயில் வாழ்வுரிமையாகவும் ஆகின்றது. 1613இல் அச்சொல் கோட்டை கட்டியது. 1996இல் ஏரியைக் காக்க முன்வந்தது.

ஆகவே பழவேற்காட்டைக் காக்க விரும்புவோர்க்குக் கடமை இரண்டு. ஏரியையும் அதன் முகத்துவாரத்தையும் புறத்தேயிருந்து வரும் கேட்டினின்று காத்தல் ஒன்று. ஏரிக்கரையில் வாழும் இருளரும், தாழ்த்தப்பட்டோரும், மகளிரும் தத்தம் பங்குக்குக் குரல் கொடுக்கும் வண்ணம் ஊர்ப் பஞ்சாயத்துக் கதவை அகலத் திறத்தல் மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்தால் வேலி நிலைக்கும், நீதி நிலைக்காது. இரண்டாவதை மட்டும் செய்தால் பங்காளிகள் பெருகுவர். பங்கிடப் பொருள் இராது.

மாணவர்கள் உரோமரின் வரலாற்றைப் பயிலும்போது சீசரின் வெற்றிகளோடு போர்மியே மீனவர்க்குப் பேரரசர் எழுதிய சிறு விடையையும் படித்தல் வேண்டும். பழவேற்காட்டுக்குச் சுற்றுலாச் செல்லும்போது டச்சுக் கல்லறையோடு நின்றுவிடாமல், ஏரியில் நட்டுள்ள கழிகளையும் காணுதல் வேண்டும். அவற்றுள் எக்கழி எவர்க்குரியது என்பதை எவ்வாறு முடிவு செய்தனர் என்று வினவுவோர்க்கு, எந்தக் கோட்டையும் கற்பிக்காத அரசியற் பாடம் அங்கே கிட்டும்.